சேலைக்கு மேலால் எடுத்த அளவு

கண்டாவளை விமலேஸ்வரிக்கு ஐம்பத்தாறு வயது. பெருத்த உடம்பு. அந்த உடம்போடுதான் இரண்டு ஏக்கர் வயலில் களை பிடுங்கினாள், ஊர்க் கொண்டாட்டங்களுக்குப் பலகாரம் சுட்டாள், மூன்று பிள்ளைகளைக் கரைசேர்த்தாள். அப்படிப்பட்டவளுக்கு ஐந்து மாதமாக வீட்டில் கிடைத்த பெயர் பஞ்சி பிடித்தவள், சோம்பேறி.

வலது இடுப்பு நோகிறதென்று மாசியில் ஆசுபத்திரிக்குப் போனாள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பது தேனுகா என்ற பிள்ளையின் வேலை. அறை நிறையச் சனம். அடுத்த கட்டிலுக்கும் இவளுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். இடுப்பில் மடித்துச் செருகிய சேலைக் கொய்யகத்தைத் தளர்த்தச் சொன்னதும் விமலேஸ்வரி கூச்சத்தில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாவம் என்று தேனுகாவும் விட்டுவிட்டாள். சேலைக்கு மேலாலேயே பாகைமானியை வைத்து, நூறு பாகை என்று எழுதினாள். படித்த பிள்ளையின் அந்த இரக்கம்தான் இவளைக் கவிழ்த்தது. எலும்பு டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, மூட்டு நல்லாய் மடங்குது, நிறையைக் குறையுங்கோ என்றார்.

கணவர் ராஜரத்தினத்துக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது. "மூட்டில பிழையில்லையாம். நடந்தாச் சரிவரும்" என்று தினமும் வாய்க்கால் வரை அவளை நடத்தினார். அவள் இரவுச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலைச் சாப்பாட்டையும் விட்டாள். ஏழு கிலோ இறங்கியது, நோவு இறங்கவில்லை. உண்மையிலேயே தனக்குப் பஞ்சிதானோ என்று அவளே நினைக்கத் தொடங்கியதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை.

ஆடியில் மறுபடி போனாள். கட்டிலில் ஏற்றவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் தேனுகாவின் முகம் மாறிவிட்டது. இந்தமுறை ஒரு தாதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"கொய்யகத்தைத் தளர்த்தட்டே அம்மா?"

சதைக்குள் விரலால் தேடி எலும்பைப் பிடித்து, அந்த இடத்தில் பேனையால் புள்ளி வைத்தாள். ஒரு கையை முதுகு முடியும் நாரிக்குக் கீழே கொடுத்துக்கொண்டாள். தாதி தொடையை மெல்ல மெல்ல உயர்த்த, நாரி அசையத் தொடங்கிய இடத்தில் நிறுத்தச் சொல்லி அளந்தாள். ஐம்பத்தைந்து பாகை.

"மூட்டு இவ்வளவுதான் மடங்குது அம்மா. அதுக்கு மேல இடுப்பெலும்பும் சேர்ந்து உருண்டுதான் கால் உயருது. போனமுறை நான் அதையும் சேர்த்து அளந்துபோட்டன். பிழை என்னிலதான். திரும்பவும் பார்க்கச் சொல்லி டொக்டருக்கு எழுதித் தாறன்."

விமலேஸ்வரி கோபிக்கவில்லை, அழுதாள். "அப்ப நான் பஞ்சியில கிடக்கேல்லை, என்ன?"

"இல்லை அம்மா."

"அவர் வெளியில நிக்கிறார். இதை நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ பிள்ளை. நான் சொன்னா எடுபடாது."

ராஜரத்தினம் உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். இரண்டு அளவுகளையும் தாளில் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நோவெண்டு நீ எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான்" என்றாள் விமலேஸ்வரி.