எலக்ட்ரீஷியனின் கடைவாய்ப்பல்

ஒயரைப் பல்லால் உரிக்காத எலக்ட்ரீஷியன் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். கட்டர் இடுப்புப் பையில்தான் இருக்கும். ஆனால் ஒரு கை ஏணியையும் இன்னொரு கை ஒயரையும் பிடித்திருக்கும்போது மூன்றாவது கைக்கு எங்கே போவது? வாய் சும்மாதானே இருக்கிறது. நம் எலக்ட்ரீஷியன் இப்படித்தான் வலது பக்கக் கடைவாய்ப்பற்களைத் தொலைத்தார். வலித்தால் போய்ப் பிடுங்கிவிட்டு, தொல்லை விட்டது என்பார். அப்புறம் ஒயரும் சாப்பாடும் இடது பக்கத்துக்கு மாறின. அங்கேயும் கடைசியில் மெல்லுவதற்கு உருப்படியாக ஒரே ஒரு பல்தான் மிஞ்சியது. அதுதான் இப்போது வலிக்க ஆரம்பித்தது.

முதலில் கிராம்பு வைத்துப் பார்த்தார். பிறகு மாத்திரை. பிறகு எதிரில் வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிக் கிடந்தது. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அவள் அப்படி நின்றால் வாதாடிப் பயனில்லை.

பல் டாக்டர் இளம்பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பிடுங்கிடுங்க மேடம், சனியன் ஒழியட்டும்.”

“பிடுங்கிட்டா எதால மெல்லுவீங்க? வேர் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கற நரம்புதான் அழுகிப்போச்சு. சுவத்துக்குள்ள போற பைப்பை நெனச்சுக்குங்க. கெட்டுப்போன ஒயரை உருவிட்டு, பைப்பைச் சுத்தம் பண்ணி அடைச்சிடுவேன். சுவரை இடிக்க மாட்டேன்.”

இது அவருக்குப் புரிந்தது. ஆனால் பயம் போகவில்லை. ஷாக் அடித்தால் கையை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற ஆள், ஊசியைக் கண்டதும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சுருக்கென்று குத்தியது, அவ்வளவுதான். பாதி உதடு யாருடையதோ போல ஆனது. வாயில் ரப்பர் ஷீட்டை விரித்து, நூல் போன்ற கம்பிகளை விட்டு டாக்டர் ராவிக்கொண்டே இருந்தார். சத்தம்தான் பெரிதாக இருந்தது, வலி இல்லை. பாதியில் அவருக்குத் தூக்கமே வந்துவிட்டது.

“இப்ப வச்சிருக்கறது தற்காலிக அடைப்பு. மரமரப்பு போறவரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க, கன்னத்தைக் கடிச்சுக்குவீங்க. ரெண்டு மூணு நாள் விண்ணு விண்ணுன்னு இருக்கும், பயப்படாதீங்க. மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. மறுபடி வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரணும். கடைசியில பல்லு மேல உறை மாதிரி கேப் போடறவரைக்கும் அந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாது. அடுத்த வாரம் வாங்க.”

டாக்டர் சொன்னபடியே நடந்தது. மறுநாள் யாரோ தாடையில் குத்துவிட்ட மாதிரி இருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். வீக்கம் வடிந்தது. வலி போனதும் அதோடு சேர்ந்து டாக்டர் சொன்ன பேச்சும் போய்விட்டது. புதுப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலை தலைக்குமேல் கிடந்தது. “அப்புறம் பாத்துக்கலாம்” என்று அந்த வாரத்தைத் தள்ளினார்.

அங்கேதான் ஏணி மேல் நின்றுகொண்டு, பழக்க தோஷத்தில் ஒயரை வாயில் வைத்து இழுத்தார். மளுக்கென்று ஒரு சத்தம். நாக்கால் தடவினார். அடைப்பு பெயர்ந்திருந்தது, பல்லின் ஓரம் ரம்பம் போலக் கீறியது. இதுவும் போனால் இனி வாழ்நாள் முழுக்கக் கரைத்துக் குடிக்கவேண்டியதுதான்.

வீட்டில் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள். “மத்தியானம் சாப்பாட்டுல கல்லு” என்றார். பொய் தானாக வந்து விழுந்தது.

அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ வீட்டிலிருந்த அரிசியையெல்லாம் ஜன்னலோரம் கொட்டி, முறம் முறமாகப் புடைத்துப் பொறுக்கினாள். ஒரு கல் கிடைக்கவில்லை. “நான்தான் சரியாப் பாக்கல போலிருக்கு” என்றாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிட வாயைத் திறந்தார். திறந்த வாயோடு குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் டாக்டரிடம் முந்திக்கொண்டு பேசியது அவள்தான். “என் தப்பு மேடம். கல்லைக் கவனிக்காம சமைச்சிட்டேன். எப்படியாவது பல்லைக் காப்பாத்திக் குடுங்க.”

“விரிசல் வேர் வரைக்கும் எறங்கியிருந்தா எடுக்கறதைத் தவிர வழியில்ல. தொறந்து பாத்தாத்தான் தெரியும்.”

மறுபடி ஊசி, மறுபடி ரப்பர் ஷீட். டாக்டர் இடுக்கியால் குழிக்குள்ளிருந்து எதையோ எடுத்து விளக்கில் பிடித்தார்.

“கல்லு செவப்பா இருக்கே!”

மனைவி எழுந்து வந்து பார்த்தாள். அவர் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து தினமும் உதிர்கிற சாமான் அது. “ஒயர் தோலு” என்றாள். அவர் ஆவென்று திறந்த வாயை மூடவும் முடியாமல் பேசவும் முடியாமல் கிடந்தார். கண்ணில் நீர் முட்டியது. அது வலியினால் அல்ல.

“அரிசியைப் பொறுக்கிப் பொறுக்கி என் கழுத்து பிடிச்சிக்கிச்சுங்க” என்றாள் அவரைப் பார்த்து. அப்புறம் டாக்டரைப் பார்த்தாள். “பல்லு இருக்கா மேடம், போச்சா?”

டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார். “ஓரம்தான் ஒடஞ்சிருக்கு. வேர்ல விரிசல் எதுவும் தெரியல. பல்லு பொழச்சுது.”

“பல்லு பொழச்சுது. இவர் பொழைப்பாரான்னு வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்” என்றாள் மனைவி.

அன்றே வேர்களை நிரப்பி அடைத்தார்கள். நரம்பில்லாத பல் எளிதில் உடையும் என்று பிறகு கேப்பும் போட்டார்கள். கட்டரை மனைவி கயிற்றில் கோத்து அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். கட்டடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் அவிழ்க்கவில்லை.

இனி அந்தப் பக்கம் மெல்லலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், அவள் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை வாங்கி வந்தாள். அவர் பயந்து பயந்து ஒன்றை உரித்து இடது பக்கம் போட்டுக் கடித்தார். நொறுங்கியது. வலியே இல்லை. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் ஒரு கை அள்ளிக்கொண்டாள். ஓடு பிரிப்பதும் வாயில் போடுவதுமாக விடாமல் தின்றாள்.

“உனக்கு இவ்வளவு பிடிக்குமா? பின்ன ஏன் இத்தனை நாளா வாங்கவே இல்ல?”

“நீங்க ஒண்ணும் மெல்ல முடியாம உக்காந்திருக்கும்போது எதிர்ல உக்காந்து நான் மொறுமொறுன்னு திங்கறதா?”

அவர் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு கடலையாக விரலால் உடைத்து, பருப்பை எல்லாம் அவள் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்.