முழங்கால் உயரத்தில் ஒரு மோதிரம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குக் கதை கட்டத் தெரிந்திருந்தால், அதில் என்னை இவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளியாக வைத்திருக்க மாட்டேன்.

என் மனைவி கொல்லைப்புறத்தில் செடி நடும்போது கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டாள். அழவில்லை. வெறும் விரலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரோ பயன்படுத்திய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி வந்தேன். வைத்த இடத்திலெல்லாம் கத்தியது. கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த ஆணியும் சோடா மூடியும்தான்.

“மெஷின் சரியில்ல. புதுசு ஒண்ணு வாங்கிடலாம்.”

“புதுசு வாங்கினாலும் பிடிக்கிறது நீங்கதானே? முதல்ல இதை ஒழுங்கா கத்துக்குங்க.”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஆணி, ஒரு நாணயம், அவள் மோதிரத்தின் ஜோடியான என் மோதிரம். மூன்றையும் தெரிந்த இடங்களில் புதைத்து, எது எப்படிக் கத்துகிறது என்று காதைப் பழக்கினேன். ஆணிக்கு ‘கர்ர்’. நாணயத்துக்கு ‘கீச்’. தங்கம் இரண்டுக்கும் நடுவில், உருண்டையாக ‘டுங்’. அடியில் உள்ள வட்டத் தட்டைத் தரையை ஒட்டி மெதுவாக ஓட்ட வேண்டும். பிறகு குறுக்கே. இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்தால்தான் தோண்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “என்ன சார், புல்லுக்கு இஸ்திரி போடுறீங்களா?”

அன்று சாயங்காலம். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. புதைத்ததையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மெஷினோடு வெளியே வந்தேன்.

டுங்.

குறுக்கே ஓட்டினேன். டுங். தோண்டினேன். குழியில் ஒன்றும் இல்லை. அள்ளிப் போட்ட மண்ணிலும் இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. என்மேல் இருக்கும் ஏதாவதுதான் கத்துகிறதோ என்று பெல்ட், சாவி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றித் தூரப் போட்டேன். மண்வெட்டியையும் போட்டேன். ஒரு கையில் நழுவும் பேன்ட், மறு கையில் மெஷின்.

டுங்.

எரிச்சலில் தட்டைத் தூக்கினேன்.

சத்தம் கூடியது.

மண்ணில் கிடக்கும் பொருளென்றால், தூக்கத் தூக்கக் குறைய வேண்டும். இது கூடியது. என் முழங்கால் உயரத்தில்... மிகத் தெளிவாக... டுங்ங்ங்.

அங்கே இருந்தது வெறும் காற்று.

தட்டை விலக்கினேன். சத்தம்... கூடவே நகர்ந்தது.

பயந்துதான் போனேன். கூடவே கோபமும் வந்தது.

“யாரா இருந்தாலும் சரி... கழட்டிக் குடு! அது என் பொண்டாட்டியோடது!”

சத்தம் நின்றது.

பிறகு... தொப்.

குழியில் ஒரு மோதிரம்.

எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தவள் கையை நீட்டிக் காட்டினாள். “ஏங்க, கிடைச்சிடுச்சு! அன்னைக்குப் போட்டிருந்த க்ளவுஸுக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருந்திருக்கு!”

அவள் விரலில் அவள் மோதிரம்.

என் கையில் இருந்தது என் கட்டைவிரலுக்கே லொடலொடத்தது. அவ்வளவு பெரிய ஆள். தொங்கவிட்ட அவன் கை என் முழங்கால் உயரத்தில் இருந்ததென்றால்... அவன் கால்கள் மண்ணுக்குள். நடந்ததை அவளிடம் சொன்னேன்.

“அடுத்தவங்க பொருள் நமக்கெதுக்கு? போய்க் குடுத்துட்டு வாங்க.”

“நானா?”

“பின்ன? நீங்கதானே அதட்டி வாங்கினீங்க?”

போனேன். மோதிரத்தைக் குழியில் வைத்தேன். “தப்பா கேட்டுட்டேன், மன்னிச்சுக்கோ. உன்னோடது உனக்கு. ஆனா வீடு எங்களோடது. நாங்க போறதா இல்ல.” மண்ணைத் தள்ளி மூடினேன்.

வீட்டை மாற்றவில்லை. மெஷினையும் மாற்றவில்லை. அது பொய் சொல்லாது என்று இப்போது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை, நல்ல வெயிலில், அதே இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். மண் கலையவில்லை. ஆனால் தரையில் சத்தம் இல்லை.

தட்டைத் தூக்கினேன்.

முழங்கால்... இல்லை.

இன்னும் மேலே...

டுங்.

என் கை தொங்கும் அதே உயரத்தில்.