ஈரம் படாத கல்

எங்கள் வலியசாலை அக்கிரகாரத் தெருவில் நாய் வளர்த்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதன் பெருமை முழுவதும் சித்தப்பாவுக்கு, அவமானம் முழுவதும் அப்பாவுக்கு. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த சித்தப்பா, ஒருநாள் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பைக்கில் கொண்டுவந்த குட்டி அது. கொல்லைப்படியை அது தாண்டக் கூடாது, அதைத் தொட்டவர்கள் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். நான் எத்தனை தடவை குளித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

நாய்க்கோ குளியல் என்றாலே ஆகாது. சித்தப்பாவுக்கு மட்டும் அடங்கும். கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து, காலில் தொடங்கி முதுகுக்கு வந்து, உண்ணி பொறுக்கி, கடைசியில் "தலை!" என்பார். அது கண்ணை மூடி முகத்தைத் தூக்கும். ஒரு கையால் காதுகளை அமுக்கிக்கொண்டு மறுகையால் தண்ணீர் விடுவார்.

அந்த மழைக்காலத்தில் சித்தப்பாவுக்கு ஞாயிறும் ஆபீஸ். நாய் நாறத் தொடங்கியது. பக்கத்து வீட்டு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு போனதைப் பார்த்த அப்பா, போனில் கத்தினார்.

"மத்தியானத்துக்குள்ள குளிப்பாட்டலைன்னா எடுத்த எடத்துலயே கொண்டு விட்டுடுவேன், கேட்டயோ? வேகம் வா!"

"பொறப்பட்டாச்சு அண்ணா. நான் வராம அவன் யார்கிட்ட குளிப்பான்?" என்று சித்தப்பா சிரித்தது எனக்கும் கேட்டது.

மத்தியானம் நெருங்கியும் அவரைக் காணோம். நாயைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று எனக்கு அழுகை வந்தது. கடித்தாலும் கடிக்கட்டும் என்று வாளியைத் தூக்கினேன்.

பலாமரத்தடியில் படுத்திருந்த நாய் சட்டென்று எழுந்தது. நேரே கிணற்றடிக்குப் போய், வெறும் கல்லைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் தண்ணீர் விடவிட ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுத்தது. கடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கடைசியில் "தலை!" என்று சொல்ல நான் வாயே திறக்கவில்லை. அது கண்ணை மூடி முகத்தைத் தூக்கியது. காதுகள் இரண்டும் யாரோ அமுக்கிப் பிடித்த மாதிரி தலையோடு ஒட்டியிருந்தன.

பிறகு கல்லின் பக்கம் நின்று உடம்பை உதறியது. கல்லெல்லாம் நனைந்தது, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் மட்டும் நனையவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். வெயிலே இல்லாத அந்த நாளில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே போன் அடித்தது. சற்று நேரத்தில் அப்பா வந்து, கட்டிய வேட்டியோடு கிணற்று நீரை இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். நெடுஞ்சாலையில் ஒரு லாரி சித்தப்பாவின் பைக்கில் மோதிவிட்டது என்பதோ, சாவுச் செய்தி கேட்டால் இப்படித் தலைமுழுகுவார்கள் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. குளித்து முடித்தவர் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டார்.

"அப்பா, தொட்டாச்சே! மறுபடியும் குளிக்கணுமே!" என்றேன்.

அவர் அதன் ஈர முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் குளிப்பாட்டிய அழகைப் பார்த்துத்தான் மனம் மாறிவிட்டார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. சித்தப்பா வந்ததும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று வாசலுக்கு ஓடினேன். நாய் என் பின்னால் வரவில்லை. கல்லைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.