தொண்ணூற்று மூன்று சதவீதம்

பிரேசர் டவுனில் இருக்கும் எங்கள் விளையாட்டு மருத்துவ மையத்தில் டோரீன் மேடத்திடம் திட்டு வாங்காதவர் என்று யாராவது இருந்தால், அவர் அன்று காலைதான் வேலையில் சேர்ந்திருப்பார். நான் சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே வாங்கினேன். வாணியம்பாடியில் பிறந்து, புள்ளியியல் படித்துவிட்டு, ஆராய்ச்சிக் கணக்குகளைப் பார்க்க வந்தவன் நான். பெயர் பாலகுமார். வெளியே பெஞ்சில் ஒரு நோயாளி காத்திருந்தார். படித்த பையன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், ஆராய்ச்சிக்கு உட்படுகிறவரைப் புத்தகத்தில் சொல்வதுபோலவே, "மேடம், அடுத்த சப்ஜெக்ட் வந்தாச்சு" என்றேன்.

"சப்ஜெக்டா? அவருக்குப் பேர் இல்லையா? உன்ன உங்க வீட்ல சப்ஜெக்ட்னா கூப்பிடுறாங்க?"

குரல் வாசல்வரை கேட்டது. பெஞ்சில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் உள்ளே போய் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

மேடத்துக்கு ஐம்பத்துமூன்று வயது. பிரேசர் டவுனிலேயே பிறந்து, அங்கேயே மாதா கோவிலில் கல்யாணம் கட்டி, அங்கேயே இருப்பவர். கணவர் டொமினிக், பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பிசியோதெரபியில் டிப்ளமா படித்துவிட்டு இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் மேடம். அதில் அவருடைய வலது தோள் போய்விட்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. தலை பின்ன வேண்டும் என்றால் குனிந்து, தலையைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் மையத்தில் தோள் தசைநாரைப் பற்றி மட்டும் மூன்று ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. மூன்றும் கிரிக்கெட் பந்து வீசுகிறவர்களின் தோள். பக்கத்து அறையில் கையைத் தூக்க முடியாமல் ஒரு பெண் வேலை பார்க்கிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதே எனக்கு எரிகிறது. அவர் மட்டும், "நான் பால் போட்டா டிவில காட்டுவாங்களா? விடு" என்பார்.

அவருடைய வேலை ஒரு நாற்காலியோடு. பார்க்கப் பல் டாக்டரிடம் இருக்கும் நாற்காலி மாதிரி இருக்கும். முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனவர்களை அதில் உட்காரவைத்து, மார்பிலும் இடுப்பிலும் பட்டை போட்டு இறுக்குவார். பிறகு கணுக்காலை ஒரு இரும்புக் கையோடு சேர்த்துக் கட்டுவார். உட்கார்ந்திருப்பவர் முழு பலத்தோடு உதைக்க வேண்டும். தொடைத் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று திரையில் எண் விழும். முதலில் அடிபடாத கால், அப்புறம் ஆபரேஷன் ஆன கால். அடிபடாத காலை நாங்கள் நல்ல கால் என்போம். படிவத்திலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

மையத்தின் தலைவர் டாக்டர் ஃபிராங்க்ளின். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் தசைநாரை எடுத்து முட்டிக்குள் வைத்துக் கட்டுவார். கைராசிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதமாவது ஆனால்தான் ஆட விடலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, ஆறு மாதமே போதும் என்று நிரூபிக்க மூன்று வருஷமாக ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு விதி: ஆறாவது மாதச் சோதனையில், ஆபரேஷன் ஆன காலின் பலம் நல்ல காலின் பலத்தில் தொண்ணூறு சதவீதம் இருந்தால் பாஸ். ஆடப் போகலாம். சதவீதத்தைக் கணக்குப் போட்டுத் தருவது நான்.

போன வருஷம் ஜூலையில் சிந்து ஆறாவது மாதச் சோதனைக்கு வந்தாள். கபடி ஆடுகிறவள், வயது இருபத்துநாலு. ஹெப்பகோடியில் வீடு, அம்மா அங்கேயே கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருக்கிறார். இடது முட்டியில் ஆபரேஷன். வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி எங்களிடம் பயிற்சிக்கு வந்தவள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. வந்து என்ன செய்தாள்? டாக்டர் எழுதிக்கொடுத்த தாளில் இடது காலுக்கு மட்டும்தான் பயிற்சி. மற்ற நேரமெல்லாம் மறுபடி அடிபட்டுவிடக் கூடாதே என்று பொத்திப் பொத்தி, மாடிப்படிகூட ஏறாமல், வீட்டில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரே அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குத் தேர்வு இருந்தது. ஒரு அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. கபடி அணிக்கு இரண்டு பேரை எடுக்கிறார்கள். அதற்கு எங்கள் மையம் அவள் ஆடலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து உதைத்தாள். வலது கால் நூற்றிருபது. இடது கால் நூற்றுப் பன்னிரண்டு. நான் கணக்குப் போட்டேன். தொண்ணூற்று மூன்று சதவீதம். "பாஸ்!" என்று நான்தான் முதலில் கத்தினேன். சிந்து பட்டையை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே அம்மாவுக்கு போன் போட்டாள்.

டோரீன் மேடம் தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். யார் வந்தாலும் முதல் நாளே, ஆபரேஷனுக்கு முன்னால், நல்ல காலின் பலத்தை அளந்து அதில் எழுதிவைத்துக்கொள்வது அவர் பழக்கம். படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. வேலையத்த வேலை என்று எங்களுக்குள் கேலி பேசியிருக்கிறோம். சிந்துவின் பக்கத்தைப் புரட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினார். வலது கால், முதல் நாள்: நூற்று அறுபத்தெட்டு.

"கணக்கு சரிதானே மேடம்?" என்றேன்.

"கணக்கு சரிதான்டா. கால் சரியில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதம் சும்மா இருந்ததில் வலது காலும் கரைந்துபோயிருந்தது. கரைந்த காலோடு கரைந்த காலை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே அளவு, குணமாகிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். பழைய பலத்தோடு ஒப்பிட்டால் அவளுடைய இடது கால் அறுபத்தேழு சதவீதம். மூன்று வருஷமாக வந்தவர்களையெல்லாம் இப்படித்தான் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தேன்.

டாக்டர் வந்தார். "டோரீன், இப்ப இருக்கற நல்ல காலோட ஒப்பிடணும்னுதான் ப்ரோட்டோகால்ல இருக்கு. தொண்ணூறு தாண்டியாச்சு. சைன் பண்ணுங்க."

"எது சார் நல்ல கால்? அதுவும் மெலிஞ்சு கெடக்கு. ரெண்டும் சேர்ந்து மெலிஞ்சா அதுக்குப் பேரு குணமாயிடுச்சா?"

"நடுவுல விதிய மாத்த முடியாது. மாத்தினா மூணு வருஷ வேலை வீண்."

"உங்களுக்கு மூணு வருஷம் சார். அவளுக்கு முட்டி."

சிந்துவுக்கு விஷயம் புரிந்ததும் அவள் பாய்ந்தது டாக்டர் மேல் இல்லை, மேடம் மேல். "ஆன்ட்டி, அடுத்த செலக்‌ஷனுக்குள்ள எனக்கு வயசு தாண்டிடும். எங்கம்மா பதினெட்டு வருஷமா மெஷின் முன்னாடி குனிஞ்சே கெடக்கறாங்க. நானும் அங்கயே போய்க் குனியணுமா? டாக்டரே ஓகேன்றாரு, உங்களுக்கு என்ன?"

"மூணு மாசம் பொறுடி. ரெண்டு காலையும் நான் ஏத்தித் தரேன். அப்புறம் எங்க வேணா போய் ஆடு."

"மூணு மாசம் எனக்காக எவன் காத்துட்டிருப்பான்?"

கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்று மேடம் பேனாவை மேஜையில் வீசிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ரிப்போர்ட்டில் சோதித்தவர் என்று ஒரு இடம் உண்டு. அது காலியாக இருந்தால் செல்லாது. டாக்டர் என்னைப் பார்த்தார். "நீயும் கூடத்தானே இருந்த பாலா? எண்ணைப் பாத்தல்ல?" சிந்துவும் என்னைப் பார்த்தாள். நான் போட்டேன். அந்தப் பெண்ணின் வேலைக்காகப் போட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தலைவர் கேட்டார், எனக்கு முதுகெலும்பு இல்லை, போட்டேன். அவ்வளவுதான்.

மேடம் சாயங்காலம் கிளம்பும்போது என் மேஜை அருகில் நின்றார். "இனிமே அந்தப் பொண்ணு கால் உன் பொறுப்பு" என்றார். அன்று திட்டக்கூட இல்லை.

சனிக்கிழமை சிந்து முதல் சுற்றில் தேறினாள். இறுதிச் சுற்று அடுத்த வாரம். அதில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டை நோக்கித் திரும்பிப் பாய்ந்திருக்கிறாள். இடது காலை நம்பாமல் முழு உடம்பையும் வலது காலில் இறக்கியிருக்கிறாள். சத்தம் எல்லைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். கிழிந்தது வலது முட்டி. நாங்கள் நல்ல கால் என்று எழுதிக்கொடுத்த முட்டி.

வேலை போயிற்று. நடக்க முடியாதவளை எந்தக் கபடி அணியில் எடுப்பார்கள்?

இதுவரை நடந்ததைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். அடுத்து நடந்ததுதான் இன்றும் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. மாத முடிவில் ஒவ்வொருவருடைய முடிவையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கேள்விகள் இரண்டுதான். விளையாட்டுக்குத் திரும்பினாரா? ஆபரேஷன் செய்த முட்டி மறுபடி கிழிந்ததா? சிந்து திரும்பினாள், அதற்கு ஆம். ஆபரேஷன் ஆன இடது முட்டி கிழியவில்லை, அதற்கு இல்லை. நான் அழுத்தினேன். அவள் பெயருக்கு நேராகப் பச்சை நிறத்தில் வெற்றி என்று வந்தது.

என் தோளுக்கு மேலாக மேடம் அதைப் படித்துவிட்டார். கோபம் உச்சிக்குப் போனால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "சுள்ளு!" என்று கத்தினார். "பச்சை சுள்ளு! வெற்றியா? எவனுக்கு வெற்றி?" ரிசப்ஷனிலிருந்து ஆள் ஓடிவந்தது. பொய் பொய் என்று அவர் மேஜையில் அடித்த அடியில் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவருடைய டைரியைக் கேட்டு வாங்கினேன். பாஸ் என்று நான் அனுப்பிய நாற்பத்தொரு பேரையும், அவர் எழுதிவைத்திருந்த முதல் நாள் எண்ணோடு ஒப்பிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். உண்மையில் தேறியவர்கள் பதினாலு பேர். டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதும் படித்தார். முகம் சுருங்கியது. அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தாளை நாலாக மடித்து, "நல்ல பாயின்ட் பாலா. அடுத்த ஸ்டடில இதைச் சேத்துக்கலாம்" என்றார். மீதி இருபத்தேழு பேருக்கு யார் போன் செய்வது என்று கேட்டேன். அவருக்கு ஆபரேஷனுக்கு நேரமாகிவிட்டது.

போன் மேடம் செய்தார். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொருவராக. சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் பயமுறுத்துகிறீர்களா என்று கத்தினார்கள். அவர்களிடம் இவரும் திருப்பிக் கத்தினார். டாக்டர் கூப்பிட்டுக் கண்டித்தார். மறுநாளும் மேடம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தார்.

செப்டம்பரில் சிந்து மறுபடி வந்தாள். வலது முட்டிக்கு ஆபரேஷன். அதற்கு முன்னால் சோதனை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் ஏறினாள். யாரோடும் கோபமாக இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மேடம் பட்டைகளை இறுக்கினார். நான் புதுப் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினேன். பெயர், வயது, ஆட்டம். நாலாவது வரியில் நல்ல கால் எது என்று கேட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கட்டம், இடது, வலது.

நான் நிறுத்திவிட்டேன். சிந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்ப எதுண்ணா எழுதுவீங்க?" என்றாள். அவள் நிஜமாகவே கேட்டாள். குத்திக்காட்டவில்லை.

மேடம் குனிந்து அவள் கணுக்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இல்லைனு எழுது" என்றார்.

"கட்டம் ரெண்டுதான் மேடம் இருக்கு."

"எழுதுடா. அவளுக்கு நல்ல கால் இல்லைனு எழுது. கீழ என் பேரப் போடு."

எழுதினேன். மேடம் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நானும் போட்டேன். படிவம் அன்று மாலையே டாக்டர் அறையிலிருந்து திரும்பி வந்தது. அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஏதாவது ஒரு காலைக் குறிக்கவும் என்று. அதை நிரப்பாமல் சிந்துவின் கோப்பை மூட முடியாது, கோப்பை மூடாமல் ஆராய்ச்சியை முடிக்க முடியாது. அப்படியே திருப்பி அனுப்பினோம். இதுவரை நாலு தடவை வந்துவிட்டது. நாலு தடவையும் மேடம் வாங்கிப் பார்த்து, ஒரு எழுத்தும் மாற்றாமல், என்னிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னார்.