எலிசபெத்தின் பக்கத்து இடம்

ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சந்தில் ரஞ்சிதம் சொல்லாமல் எதுவும் கதையாகாது. கல்யாணத்துக்குப் போகாதவர்கள்கூட அவள் வாயாலேயே பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு எலிசபெத்தோடு போன வருஷம் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர் பார்த்தபோதும் அப்படித்தான். படம் தமிழில்தான் பேசியது. இருந்தாலும் டிராகன் வளர்க்கும் பையன் எதற்கு ஓடுகிறான், காட்டுச் சூனியக்காரி அவனுக்கு ஏன் கஞ்சி ஊற்றுகிறாள் என்று ரஞ்சிதம் சொன்னால்தான் எலிசபெத்துக்கு இறங்கும்.

இரண்டாவது சீசன் வந்தது. காடு போய் அரண்மனை வந்தது, போர் வந்தது. தமிழும் போய்விட்டது. ஜப்பான் பேச்சுக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. அதைப் படித்துச் சொல்ல மாடி வீட்டு தாரணி வந்தாள். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவள், மதியம் சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்து, கட்டிலில் எலிசபெத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அது ரஞ்சிதத்தின் இடம்.

"தாரணி மாதிரி யாருடி படிச்சுச் சொல்லுவா!" என்றாள் எலிசபெத்.

கால்மாட்டில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டிருந்த ரஞ்சிதத்தின் விரலிலிருந்து ஒரு பருப்பு டிவி வரை பறந்தது.

திரையில் இரும்புச் சட்டை போட்ட மொட்டைக் கிழவி ஒருத்தி, பையன் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தாள்.

"யாரு ஆன்ட்டி இது?" முதல் சீசன் பார்க்காத தாரணி கேட்டாள்.

எலிசபெத்துக்கும் தெரியவில்லை. கிழவியின் இடக்கையில் இருந்த சுட்ட தழும்பை ரஞ்சிதம் பார்த்துவிட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன படிச்சவளா?"

"எதிரி ஆளுதான். விஷம் வைக்கறா போல" என்றாள் தாரணி.

"நாசமாப் போறவ!" என்று எலிசபெத் கையை நெரித்தாள்.

ரஞ்சிதத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"வாயக் கழுவுடி! அவ அந்தக் காட்டுச் சூனியக்காரி. டிராகன் குட்டிக்காக கொதிக்கற பானையை வெறுங்கையில தூக்கினாளே, அந்தத் தழும்பு தெரியல? முடியை வெட்டிட்டு, வேஷம் போட்டு, பெத்த புள்ளை மாதிரி அவனுக்குக் கஞ்சி கொண்டாந்திருக்கா. வெசமாம் வெசம்!"

தாரணி படத்தை நிறுத்தினாள். "அய்யோ, எந்தப் பானை? மொதல்லருந்து சொல்லுங்க ஆன்ட்டி."

"சொல்றேன். நகரு மொதல்ல."

அவரைக் குண்டானைத் தாரணி மடியில் வைத்துவிட்டு, ரஞ்சிதம் எலிசபெத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பிதுக்கிட்டே கேளு. நசுக்கிடாத."