காலண்டர் இருந்த இடம்

பத்து வருடமாக ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் இன்னும் இந்துதான். மதம் மாறியது தெரிந்தால் எஸ்.சி. சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாவிட்டால் என் மகளுக்குத் திருப்பதியில் நர்சிங் சீட்டும் கிடைக்காது.

சித்தூரில் எங்கள் வீட்டுக்கு ரெவின்யூ ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், வேத வசனம் அச்சடித்த காலண்டரைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். பக்கத்து வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி அவசரமாக ஒட்டிக்கொண்டேன்.

"சர்ச்சுக்குப் போய்க்கினு கீறீங்களாம்மா?" என்று கேட்டார் வந்த அதிகாரி.

"ஐயோ, இல்ல சார். அந்தச் சாமியே எங்களுக்குத் தெரியாது."

அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அதுதான் இன்றும் சுடுகிறது. மகள் என் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

அவர் சுவரைப் பார்த்தார். ஆணிக்குக் கீழே, அடுப்புப் புகை படியாத வெள்ளைச் சதுரம் பளிச்சென்று தெரிந்தது. விசாரணைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது மெதுவாக, "பொட்டு கோணலா கீதும்மா. நேரா வெச்சுக்கோ" என்றார்.

அந்த ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது, வயிற்றுவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். இன்றுவரை அந்த அப்பத்தைத் தொடவில்லை.

அன்று வீடு திரும்பியதும் காலண்டரை எடுத்து மாட்டச் சொன்னேன்.

"இருக்கட்டும்மா. திரும்ப யாராச்சும் வந்தா கழட்டணும்" என்றாள் மகள்.

அவளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தது நான். இதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.