நாங்கள் பழக்கிய விடை

ஒருவருக்கு நாமே பழக்கிவைத்த விடையை அவர் ஒருநாள் நம்மிடம் சொல்லும்போது, அதை அவருடைய விருப்பம் என்று பதிவுசெய்ய நமக்கு உரிமை உண்டா? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நான்கு வருடங்களில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குப் போகும் பாதையில், ரயில் தண்டவாளத்துக்கு மேலே மேட்டில் இருந்த முதியோர் இல்லத்தில், ஓய்வுபெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்தான் அதை என்முன் வைத்தார். அவருக்கு அது தெரியாது.

பட்டம் பெற்று அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் அங்கே உதவிப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். வசித்தவர்களில் பெரும்பாலானோர் மறதி நோய் முற்றியவர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். மலைநாட்டு ரயில் பாதையில் பல ஊர்களில் வேலைசெய்து, ஓய்வுக்குப் பின் கம்பளையிலேயே மனைவியோடு தங்கிவிட்டவர். மனைவி இறந்தபின் அயலவர்கள் அவரைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்த மகள், யுத்தத்தால் பாதை அடைபட்டிருந்ததால், கடிதத்தில்தான் சம்மதம் தெரிவித்தார்.

வடக்கிலிருந்து வந்து தங்குவோரின் விபரங்களைப் பொலிஸுக்குக் கொடுக்கவேண்டியிருந்த காலம் அது. ஒரு காலையில் விபரங்களைச் சரிபார்க்க வந்த அதிகாரி, எப்போது வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டார். நல்ல சிங்களத்தில் அவர் பதில் சொன்னார்: நேற்று வந்தேன், நாளைக்கு மெயில் ரயிலில் யாழ்ப்பாணம் போகிறேன். பல வருடங்களாகவே அவர் நேற்று வந்தவராகவும் நாளை போகிறவராகவும் இருந்தார். நாங்கள் விளக்கியும் பயனில்லை. விசாரணைக்கென்று கூட்டிச் சென்றார்கள். இல்லத்துக்குப் பொறுப்பான எங்கள் மேற்றன், கம்பளையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி, வைத்தியரின் குறிப்போடு போய் மாலையில் அவரை மீட்டு வந்தார். அவருடைய வேட்டி நனைந்திருந்தது. பகல் முழுவதும் யாரும் அவரை எழுந்து போக விடவில்லை என்று தெரிந்தது.

தீர்வை முன்வைத்தது நான்தான். புதிய செய்திகள் அவர் மனதில் தங்குவதில்லை. ஆனால் தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே விதமாகச் செய்யப்படுபவை தங்கிவிடுகின்றன என்பதைக் கவனித்திருந்தேன். காலைத் தேநீருக்குப் பின் அந்த அதிகாரியைப் போல ஒரு கோப்பு மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன் நிற்பேன். எங்கே இருக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்பேன். அவர் கதிரையை விட்டு எழுந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, "மம மெஹே பதிஞ்சி. கொஹேவத் யன்னே நே" என்று சொல்லவேண்டும். நான் இங்கே வசிப்பவன், எங்கும் போகவில்லை என்பது அதன் பொருள். ஐந்து வாரங்களில் பழகிவிட்டார். அடுத்த முறை வந்த அதிகாரி தலையசைத்துவிட்டு அடுத்த கதிரைக்கு நகர்ந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரைக் குளிப்பாட்டும் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தப் பெருமை இல்லை.

"மிஸ், நீங்க ரொம்ப நல்லாவே சொல்லிக் குடுத்துட்டீங்க. குளிக்கப் போவமா ஐயான்னா, எந்திரிச்சு நின்னு கொஹேவத் யன்னே நேங்கிறாரு. நான் என்ன பொலிஸா?"

"பிறகு எப்படிக் கூட்டிப் போறீங்க?"

"கேக்கிறதில்ல. ஐயா, தண்ணி சுட்டுருச்சின்னு சொல்லுவேன். வந்துருவாரு."

நாங்கள் சிரித்தோம். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

அதே வருடம் இன்னொன்றையும் செய்தேன். ஒரு மூதாட்டியை உறவினர்கள் அழைத்துப் போனபோது அவர் வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்; விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. அதன் பின் நிர்வாகக் குழுவில் ஒரு விதியை முன்மொழிந்தேன். வெளியே அழைத்துச் செல்லப்படுபவரிடம் போக விருப்பமா என்று காலையிலும் மாலையிலுமாக இருமுறை கேட்கவேண்டும். இருமுறையும் மறுத்தால் அனுப்பக்கூடாது. குழு ஏற்றுக்கொண்டது.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த மாதங்களில் மகள் வந்தார். இரண்டு நாள் பஸ் பயணம். தகப்பனைத் தன்னோடு கூட்டிப்போக வந்திருந்தார். பாதை எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும் என்று எவருக்கும் தெரியாது. மறுநாள் மதியமே அவர் திரும்பவேண்டும்.

"அப்பா, என்னைத் தெரியுதே?"

அவர் மரியாதையோடு பார்த்தார்.

"அப்பா, வீட்டை போவமே?"

அவர் எழுந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, எங்கள் இரண்டு வாக்கியங்களையும் தெளிவாகச் சொன்னார். மகளுக்குச் சிங்களம் தெரியாது.

"என்னவாம்?"

"இங்கதான் இருக்கிறாராம். எங்கேயும் போகல்லயாம்" என்றேன். மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை.

"என்னோட தமிழில கதைக்கவும் விருப்பமில்லைப் போல. இத்தனை வருஷம் வந்து பாக்கேல்லை எண்ட கோவம்" என்றார் மகள். மாலையில் மறுபடியும் கேட்டார், அதே விடை. மறுப்பு இரண்டையும் பதிவேட்டில் எழுதினேன். மகள் கையெழுத்திட்டார்.

நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்பதை எழுதவேண்டும். எங்கள் பராமரிப்பில் அவர் நன்றாக இருந்தார். நீண்ட பயணம் அவரைக் குழப்பும். பழகாத வீட்டில் மறதி கூடும். சண்டை திரும்பினால் மருந்து கிடைக்காது. எல்லாவற்றையும் எடைபோட்டு, அவர் இங்கே இருப்பதே நல்லது என்று நான் முடிவுசெய்திருந்தேன். ஆகவே அந்த விடை எனக்கு வசதியாக இருந்தது.

அன்றிரவு மேற்றன் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு என் முன் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளக்கிட்ட எல்லாத்தயும் செல்லிட்டீங்களா?"

"அவர் சொன்னதைச் சொன்னேன்."

"அது அவர் செல்லினதா? நீங்க செல்லிக் குடுத்தது. வாப்பா கோவிச்சிட்டாருண்டு நெனச்சி, அந்தப் புள்ள உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டு போகப் போகுது. ஒங்கட புத்தகத்துல அதுக்கும் ஒரு கோடு போட்டு வச்சிருக்கீங்களா?"

மறுநாள் காலை விருந்தினர் அறைக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் நிலையத்தையும், கோப்பு மட்டையையும், ஐந்து வாரப் பயிற்சியையும். அவர் சேலைத் தலைப்பை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கட அப்பாவைச் சோதினைக்கு இருத்திப் பாஸாக்கி விட்டிருக்கிறியள்."

"ஓம்" என்றேன். ஆமாம் என்பதற்கு அவருடைய யாழ்ப்பாணச் சொல்லே என் வாயில் வந்தது.

தலைப்பை விட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாங்களும் அங்க பிள்ளையளுக்கு இப்பிடித்தான் சொல்லிக் குடுக்கிறனாங்கள். ஆமி கேட்டால் இதைச் சொல்லு, இயக்கம் கேட்டால் அதைச் சொல்லு எண்டு. அதுகள் மறந்திடுங்கள் எண்டுதான் எங்களுக்குப் பயம்."

நாங்கள் கூடத்துக்கு வந்தபோது தோட்டத்துப் பெண் அவருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும் மகளிடம் திரும்பினார்.

"போவமான்னு கேக்காதீங்கம்மா. கேட்டா அதான் வரும். சும்மா சொல்லுங்க."

மகள் தகப்பனின் சட்டைப் பித்தானைப் பூட்டினார். "அப்பா, பஸ் வந்திட்டுது" என்றார்.

அவர் எழுந்தார். இந்த முறை கைகளைப் பக்கவாட்டில் வைக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த குடையை எடுத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் படியிறங்கினார். படலையிலும் தயங்கவில்லை.

இது சம்மதமா? அப்படிச் சொல்ல என்னால் இயலவில்லை. குளிக்கத் தண்ணீர் சுட்டுவிட்டது என்றாலும் அவர் இப்படித்தான் எழுவார். அவர் உண்மையில் எதை விரும்பினார் என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதல் நாளின் மறுப்பு அவருடையது அல்ல. பதிவேட்டில் அந்த இரண்டு பதிவுகளையும் வெட்டி, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டேன்.

மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார், மகளான தன்னைப் பள்ளிக்கூடத்து அதிபர் என்று நினைத்து எழுந்து நிற்கிறார், முற்றத்தில் நெடுநேரம் நடக்கிறார் என்று எழுதியிருந்தார். அடுத்த கடிதம் வரும் முன்னரே சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. அதன்பின் செய்தி இல்லை. நான் செய்ததில் நன்மை கூடவா தீமை கூடவா என்ற கணக்கை முடிக்க அந்தச் செய்தி வேண்டும். அது எனக்குக் கிடைக்கவில்லை.

காலைப் பயிற்சியை நிறுத்தினோம். பொலிஸார் மறுபடியும் வரத் தொடங்கியபோது, வசிப்போர் ஒவ்வொருவருக்கும் மும்மொழியிலும் வைத்தியர் கடிதம் இருந்தது. எங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று பதில் சொன்னோம். அது எல்லா வேளையும் போதுமானதாக இருக்கவில்லை. ஒருமுறை ஒரு பெண்மணியை விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். நானும் கூடப் போய், மாலைவரை அவர் பக்கத்தில் இருந்தேன். இருமுறை கேட்கும் விதியும் மாற்றப்பட்டது. அழைத்துப்போக வரும் உறவினர் மூன்று நாள் இல்லத்தில் தங்கவேண்டும். அந்த நாட்களில் நாங்கள் கண்டதை மூவர் தனித்தனியே எழுதவேண்டும். முடிவைக் குழு எடுக்கவேண்டும். அந்த மூவரில் ஒருவர், குளிப்பாட்டும் பெண்ணாக இருக்கவேண்டும் என்பதையும் விதியில் சேர்த்தோம்.